ஹங்கேரிய நடனம் வாசிக்க இடது கையில் தொடங்குங்கள்

பியானோவோ கீபோர்டோ கற்கத் தொடங்கிச் சில மாதம் ஆனதும் எல்லோருக்கும் ஓர் ஆசை வந்துவிடும். ஸ்கேல், எக்ஸர்சைஸ் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், கேட்கிறவர்களின் கால் தானாகத் தாளம் போடுகிற மாதிரி ஏதாவது ஒன்று வாசித்துவிட வேண்டும். கோவையில் என்னிடம் கற்க வருகிறவர்களில் பலர் இந்தக் கட்டத்தில் வந்து கேட்பது ஹங்கேரிய நடனம்தான். பெரும்பாலும் ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் எழுதிய ஹங்கேரிய நடனங்களில் ஐந்தாம் எண். யூடியூபில் பார்த்துவிட்டு, “சார், இது எனக்கு வருங்களா?” என்று ஃபோனை நீட்டுவார்கள்.

வரும். ஆனால் பெரும்பாலானவர்கள் தவறான முனையில் பிடித்து இழுக்கிறார்கள். அந்த இசையைக் கேட்டவுடன் காதில் விழுவது வேகம். அதனால் வலது கை மெட்டை எடுத்துக்கொண்டு, விரலை ஓடவிட்டு, வேகத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கொஞ்ச நாளில் விரல் ஓடிவிடும், ஆட்டம் மட்டும் வராது. அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), எட்டே பார் (ஒரு தாளச் சுற்று) போதும். தொடக்க நிலையில் இருப்பவரும் அதை வரவழைக்கலாம்.

மெதுவில் தொடங்கும் ஆட்டம்

நாம் பொதுவாக ஹங்கேரிய நடனம் என்று சொல்லும் துள்ளலான இசையின் பெயர் சார்தாஷ். 19-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியில் பரவிய ஜோடி நடனம். வழியோரச் சத்திரங்களில் ஆடப்பட்டது என்பதால் அந்தப் பெயர். அதற்கு முன்னால், 18-ஆம் நூற்றாண்டில், வெர்புங்கோஷ் என்ற ஆண்கள் நடனம் இருந்தது. அப்போது ஹங்கேரியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் படைக்கு ஆள் சேர்க்க வந்த சிப்பாய்கள் ஊர் நடுவில் இசைக்காரர்களை வைத்துக்கொண்டு ஆடுவார்கள். பார்க்கிற இளைஞர்களுக்கு ஆசை பிறக்கும். அந்த இசையின் மிடுக்கு, குதிகாலைத் தட்டி நிறுத்துகிற முடிப்பு, இரண்டும் சார்தாஷுக்குள் அப்படியே வந்து சேர்ந்தன.

சார்தாஷில் இரண்டு பகுதி உண்டு. மெதுவான பகுதி லஷ்ஷூ, வேகமான பகுதி ஃப்ரிஷ். முதலில் லஷ்ஷூ, அப்புறம்தான் ஃப்ரிஷ். வள்ளி கும்மி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் கும்மி அரங்கேற்றம் நடக்கிறது. ஆசிரியர் பாட்டை எடுத்துக் கொடுக்க, நிதானமாக அடிவைத்துச் சுற்றத் தொடங்குகிற கூட்டம், பாட்டு ஏற ஏற எப்படி முறுக்கேறிப் போகிறது என்று பாருங்கள். முதல் சுற்றின் நிதானம்தான் கடைசிச் சுற்றின் வேகத்துக்கு அர்த்தம் கொடுக்கிறது. சார்தாஷும் அப்படித்தான். மெதுவான பகுதியை விட்டுவிட்டு நேராக வேகத்துக்குப் போனால் ஏறுவதற்குப் படியே இல்லாமல் போய்விடும்.

இந்த இடத்தில் ஒரு செய்தி. நகரமயமான பிறகு ஹங்கேரியிலும் கிராம நடனங்கள் மெல்ல மறந்துகொண்டிருந்தன. 1972-இல் புடாபெஸ்டில் இளைஞர்கள் ஒன்றுகூடி, கிராமத்துக் கலைஞர்களிடம் கற்ற நடனத்தையும் இசையையும் பொதுக்கூடங்களில் யார் வேண்டுமானாலும் வந்து பழகலாம் என்று திறந்துவிட்டார்கள். தான்ஸ்ஹாஸ் என்ற அந்த முறையை 2011-இல் யுனெஸ்கோ நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கம் வள்ளி ஒயில் கும்மியைத் தலைமுறை தாண்டிக் கற்றுக்கொடுத்த பத்திரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு அந்த புடாபெஸ்ட் கூடங்கள்தான் நினைவுக்கு வந்தன. ஆடுகிறவர்கள் இருக்கும்வரைதான் நடன இசைக்கு உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பியானோ முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாலும், எதிரில் யாரோ ஆடுகிறார்கள் என்று நினைத்துத்தான் இதை வாசிக்க வேண்டும்.

மேடை இசைக்கு இது வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹங்கேரியில் பிறந்த பியானோ மேதை லிஸ்ட் எழுதிய 19 ஹங்கேரிய ராப்சடிகளில் (கட்டற்றுப் போகும் பியானோப் படைப்புகளில்) பல இதே மெது-வேக அமைப்பில் நடப்பவை. பெரும் புகழ் பெற்ற இரண்டாம் ராப்சடி 1851-இல் அச்சானது. பிராம்ஸ் 21 ஹங்கேரிய நடனங்கள் எழுதினார். முதல் பத்து 1869-இல் வெளிவந்தன, மற்றவை 1880-இல். ஐந்தாம் எண்ணின் மெட்டை நாட்டுப்பாடல் என்றே அவர் நினைத்திருந்தார். அது கேலர் பேலா என்பவர் எழுதிய ஒரு சார்தாஷ். இந்த நடனங்களுக்கு பிராம்ஸ் தன் படைப்புகளுக்குரிய ஓபஸ் எண்ணைக் கொடுக்கவில்லை.

கற்கிறவருக்கு இதில் முக்கியமான தகவல் வேறு ஒன்று. பிராம்ஸ் இவற்றை முதலில் எழுதியது ஒரே பியானோவில் இரண்டு பேர் உட்கார்ந்து வாசிப்பதற்காக. நான்கு கை. கீழ்ப்பக்கம் உட்காருகிறவருக்குத் தாளமும் கார்டும், மேல்பக்கம் உட்காருகிறவருக்கு மெட்டு. நாம் தனியாக வாசிக்கும்போது இரண்டு ஆள் வேலையை ஒருவர் செய்கிறோம். அதனால் இடது கை ஒன்றும் துணைக்கு வந்த கை இல்லை. அதற்கு முழு ஆள் வேலை இருக்கிறது.

இடது கைக்குள் இரண்டு ஆள்

பியானோவுக்கு வரும் முன் இந்த இசையை வாசித்தவர்கள் பெரும்பாலும் ரோமா சமூகத்தைச் சேர்ந்த கலைஞர்கள். அவர்களுடைய குழுவைப் புரிந்துகொண்டால் பியானோவில் எந்த விரல் எதற்கு என்பது தெளிந்துவிடும். முன்னால் நின்று மெட்டு வாசிக்கும் வயலின்காரர் பிரீமாஷ். அவர்தான் தலைவர். பக்கத்தில் கோன்ட்ரா என்ற இரண்டாம் வயலினோ வயோலாவோ. அதற்கு மெட்டு கிடையாது, கார்டு மட்டும். டிரான்சில்வேனியா பக்கத்துக் கோன்ட்ராவில் மூன்றே தந்தி. தந்திகளைத் தாங்கும் பாலத்தைத் தட்டையாகச் செதுக்கியிருப்பார்கள், ஒரே வில் இழுப்பில் மூன்று தந்தியும் சேர்ந்து ஒலிப்பதற்காக. அப்புறம் கீழ்ச்சுரங்களுக்கு ஆளுயர பாஸ். நகரத்துக் குழு என்றால் சிம்பலோமும் இருக்கும். குச்சியால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம், சந்தூரைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும்.

வேகமான பகுதியில் பாஸ் சரியாக பீட்டில் விழும். கோன்ட்ரா பீட்டில் வாசிக்காது. இரண்டு பீட்டுக்கு நடுவில், ஆஃப் பீட்டில், ஒரு கார்டைச் சுருக்கென்று வைத்துவிட்டு விலகும். பாஸ், கோன்ட்ரா, பாஸ், கோன்ட்ரா. இந்த நடைக்கு ஹங்கேரியில் எஸ்தம் என்று பெயர். நடனக்காரரின் கால் தரையில் படுவது பாஸில். காலைத் தரையிலிருந்து கிளப்பிவிடுவது கோன்ட்ரா. துள்ளல் என்று நாம் கேட்பது முழுக்க அந்த இரண்டாவது ஒலியில் இருக்கிறது.

உங்கள் இடது கை இந்த இரண்டு பேராகவும் மாற வேண்டும். சுண்டுவிரல் பாஸ்காரர். நடுவிரலும் கட்டைவிரலும் சேர்ந்து கோன்ட்ராகாரர்.

கையை இப்படி வையுங்கள். கட்டைவிரல் மிடில் சி-க்கு மேலே இருக்கும் ஈ-யில். நடுவிரல் மிடில் சி-யில். சுண்டுவிரல் அதற்குக் கீழே இருக்கும் ஏ-யில். இதுதான் ஏ மைனர் கார்டு. இரண்டாவது கார்டு ஈ மேஜர். அதற்குக் கையை நகர்த்தவே வேண்டாம். கட்டைவிரல் ஈ-யிலேயே இருக்கட்டும், நடுவிரலை சி-யிலிருந்து பி-க்கு இறக்குங்கள், சுண்டுவிரலை ஏ-யிலிருந்து பக்கத்தில் இருக்கும் ஜி ஷார்ப் கறுப்புக் கட்டைக்கு இறக்குங்கள். இரண்டு விரல் ஒவ்வொரு கட்டை இறங்குகிறது, அவ்வளவுதான். எத்தனையோ சார்தாஷ் மெட்டுகளை இந்த இரண்டு கார்டே தாங்கிவிடும்.

இப்போது ஏ மைனரில் மட்டும் வாசியுங்கள். ஒரு பாருக்கு இரண்டு பீட். சுண்டுவிரலில் ஏ, பிறகு சி-யும் ஈ-யும் சேர்த்து, மறுபடி ஏ, மறுபடி சி-யும் ஈ-யும். தாளத்தை டிக் டிக் என்று காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வையுங்கள். ஒவ்வொரு டிக்கிலும் ஏ விழ வேண்டும். கார்டு விழுகிற நேரத்தில் மெட்ரோனோம் மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தில் நீங்கள்தான் இருக்க வேண்டும், துணைக்கு யாரும் இல்லை.

இங்கே மணிக்கட்டைக் கவனியுங்கள். ஏ-யில் கையின் எடை முழுவதும் சுண்டுவிரல் வழியாக இறங்கட்டும். மணிக்கட்டு ஒரு நூல் தாழும். கார்டில் அதே மணிக்கட்டு மேலே எழுந்துகொண்டே போக, விரல்கள் போகிற போக்கில் கட்டையைத் தொட்டு விடட்டும். அழுத்தி வைத்துக்கொண்டிருக்காதீர்கள். கட்டை அடிவரை போனதும் உடனே மேலே வந்துவிட வேண்டும். பாஸ் கொஞ்சம் கனமாக, கொஞ்சம் நீளமாக. கார்டு லேசாக, குட்டையாக. கற்கத் தொடங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாக வாசிப்பார்கள், ஏனென்றால் சுண்டுவிரல் பலவீனமானது, கட்டைவிரல் பலமானது. கார்டு தடாலென்று விழும், பாஸ் காதிலேயே விழாது. உடனே நடனம் நொண்ட ஆரம்பித்துவிடும்.

கை கேட்க மாட்டேன் என்கிறது என்றால் பியானோவை விட்டு எழுந்துவிடுங்கள். நின்ற இடத்தில் காலால் பீட் வைத்துக்கொண்டு, நடுவில் கைதட்டுங்கள். கால், தட்டு, கால், தட்டு. கொஞ்ச நேரத்தில் கையும் காலும் ஒன்றாக விழப் பார்க்கும். அப்படி விழாமல் ஐந்து நிமிடம் நிற்க முடிந்தால் திரும்பப் போய் உட்காருங்கள். கும்மி பழகிய பிள்ளைகளுக்கு இது சட்டென்று வந்துவிடுகிறது. உடம்புக்குத் தெரிந்ததை விரலுக்குக் கடத்துகிற வேலை மட்டும்தான் அவர்களுக்குப் பாக்கி.

அழுத்தம் எங்கே விழுகிறது

வலது கைக்கு வருவோம். ஹங்கேரிய மொழியில் எந்தச் சொல்லாக இருந்தாலும் அழுத்தம் முதல் அசையில்தான். விதிவிலக்கு இல்லை. அந்த முதல் அசை குறிலாகவும் அடுத்தது நெடிலாகவும் இருந்தால், அழுத்தம் குறிலிலும் நீளம் அடுத்ததிலும் போய் நிற்கும். “நிலா” என்று சொல்லிப் பாருங்கள், ‘நி’-யை நன்றாக அழுத்தி, ‘லா’-வை இழுத்து. அந்தக் குட்டை-நீளம் நடைதான் ஹங்கேரியப் பாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டிலிருந்து வாத்திய இசைக்கும் போய்விட்டது. இன்னொரு நடை நீளம், குட்டை, குட்டை, நீளம்: தாம் தக தாம். இதையும் அடிக்கடி கேட்கலாம்.

நோட்ஸில் இதைப் புள்ளி வைத்த நோட்டாக எழுதியிருப்பார்கள். கணக்குப் போட்டு வாசித்தால் விறைப்பாக இருக்கும். வாயால் சொல்லிவிட்டு அப்புறம் வாசித்தால் தானாக விழும். ஆதி தாளம் போட்டுச் சொற்கட்டு சொல்லிப் பழகிய நமக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

தெரிந்த ராகம் போல ஒலிக்கும் ஸ்கேல்

வீணை வாசிக்கத் தெரிந்த ஓர் அம்மா கோபியிலிருந்து பியானோ கற்க வந்துகொண்டிருந்தார். ஹங்கேரியன் மைனர் ஸ்கேலை வாசித்துக் காட்டினேன். ஏ, பி, சி, டி ஷார்ப், ஈ, எஃப், ஜி ஷார்ப், ஏ. ஒரு தரம் கேட்டுவிட்டு, “இது சிம்மேந்திரமத்யமம்தானுங்களே?” என்றார். அதேதான். கர்நாடக இசையின் 57-ஆவது மேளகர்த்தாவான அந்த ராகத்தின் சுரங்களும் இந்த ஸ்கேலின் சுரங்களும் ஒன்று. கீரவாணி தெரிந்தவர்கள் அதன் மத்தியமத்தை மட்டும் ஒரு கட்டை ஏற்றினால் போதும், இங்கே வந்துவிடலாம்.

இந்த ஸ்கேலின் குணம் அதன் இரண்டு அகலமான இடைவெளிகளில் இருக்கிறது. சி-யிலிருந்து டி ஷார்ப், எஃப்-இலிருந்து ஜி ஷார்ப். இரண்டும் மூன்று அரைச்சுரத் தாண்டல். அங்கே ஒரு ஏக்கம் கேட்கும். டி ஷார்ப்புக்கு ஈ-யை நோக்கி ஓர் இழுப்பு, ஜி ஷார்ப்புக்கு ஏ-யை நோக்கி ஓர் இழுப்பு. இந்த இரண்டு இழுப்பையும் காதால் பிடித்துவிட்டால் மெட்டை எங்கே லேசாக அழுத்த வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஒன்றை மட்டும் கலக்கக் கூடாது. சுரம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ராகத்துக்குக் கமகம் உண்டு, சஞ்சாரம் உண்டு; பியானோ கட்டையில் சுரம் அசையாமல் நிற்கும், அடியில் கார்டு இருக்கும். சிம்மேந்திரமத்யமம் தெரிந்திருப்பது ஸ்கேலை மனதில் நிறுத்த உதவும். அத்தோடு அதன் உதவி முடிந்தது.

அதே மாதிரி, ஹங்கேரியன் மைனர் என்ற பெயரைப் பார்த்துவிட்டு ஹங்கேரியக் கிராமங்களில் எல்லோரும் இதில்தான் பாடினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நகரத்து ரோமா குழுக்களின் இசை வழியாகத்தான் இந்த ஒலி உலகத்துக்குப் போனது. ஹங்கேரிய இசையமைப்பாளர்கள் பார்டோக்கும் கொடாயும் 1900-களின் முதல் பத்தாண்டில் எடிசன் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்தபோது, பழைய பாட்டுகளில் பல ஐந்தே சுரத்தில் இருப்பதைக் கண்டார்கள். ஏ, சி, டி, ஈ, ஜி. நம் சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்கள் இவை. பல பழைய மெட்டுகள் மேலே தொடங்கிக் கீழே இறங்கும். முதல் பாதியில் பாடியதை இரண்டாம் பாதியில் ஐந்து சுரம் கீழே வைத்து மறுபடி பாடும். சார்தாஷ் ஓரளவு கைக்கு வந்த பிறகு இந்தப் பழைய மெட்டுகளையும் தேடிப் பாருங்கள். எனக்கு இவைதான் இன்னும் பிடிக்கும்.

எட்டு பார்

பழகுவதற்காக ஒரு சின்ன மெட்டு தருகிறேன். இது பழைய நாட்டு மெட்டு இல்லை. மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பழக நானே கட்டியது. ஒரு பாருக்கு நான்கு சம அளவு, அதாவது ஒரு பீட்டுக்கு இரண்டு. கோடு போட்ட இடத்தில் முன்னால் உள்ள சுரத்தை நீட்டிக்கொள்ளுங்கள். மிடில் சி-க்கு மேலே இருக்கும் ஏ-யில் வலது கட்டைவிரலை வைத்துத் தொடங்குங்கள்.

ஒன்று: ஏ, ஏ, பி, சி
இரண்டு: ஈ – ஈ –
மூன்று: எஃப், ஈ, டி ஷார்ப், ஈ
நான்கு: சி – ஏ –
ஐந்து: ஈ, டி ஷார்ப், சி, பி
ஆறு: சி – ஈ –
ஏழு: பி, ஏ, ஜி ஷார்ப், பி
எட்டு: ஏ – ஏ –

முதல் நான்கு பாருக்கும் இடது கையில் ஏ மைனர். ஐந்தில் ஈ மேஜர், ஆறில் ஏ மைனர், ஏழில் ஈ மேஜர், எட்டில் ஏ மைனர். வலது கையில் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பாரில் விரல்கள் 1, 1, 2, 3, பிறகு 5, 5. மூன்றாம் பாரில் கை ஒரு கட்டை வலப்பக்கம் நகர்ந்து எஃப்-இல் சுண்டுவிரல் விழும்: 5, 4, 3, 4, நான்காம் பாரில் 2, 1. ஐந்தாம் பாரில் சுண்டுவிரல் மறுபடி ஈ-க்கு: 5, 4, 3, 2, ஆறில் 3, 5. ஏழாம் பாரில் பி-யை 4-ஆல் எடுங்கள். ஜி ஷார்ப்பில் 2 விழும், முடிவு ஏ-யில் 3.

ஐந்தாம் பாரில் ஈ-யிலிருந்து பி-க்கு இறங்குகிற இடம்தான் இந்த மெட்டின் உயிர். டி ஷார்ப்பிலிருந்து சி-க்கு வரும்போது அந்த அகலமான தாண்டல் நன்றாகக் கேட்க வேண்டும், வழுக்கிவிடக் கூடாது. ஏழாம் பாரில் மெட்டு ஏ-யைச் சுற்றிச் சுற்றி வந்து எட்டில் அதில் இறங்குகிறது. இப்படி ஆதார சுரத்தைச் சுற்றிவந்து முடிப்பது வெர்புங்கோஷ் காலத்திலிருந்தே வரும் வழக்கம். குதிகாலைத் தட்டி நிற்கிற முடிப்பு என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். எட்டாம் பாரின் இரண்டு ஏ-யும் இரண்டு குதிகால் தட்டு. குட்டையாக, தெளிவாக.

இரண்டு கையும் சேர்வதற்கு முன்னால் இடது கை தனியாக எட்டு பாரையும் தடுமாறாமல் வாசிக்க வேண்டும். அதை வாசித்துக்கொண்டே மெட்டை வாயால் பாடுங்கள். ஏ, பி, சி என்று பாட வராவிட்டால் லா லா போதும். பாட்டு வந்துவிட்டால் வலது கையைச் சேர்ப்பது பெரிய விஷயமே இல்லை. பாட்டு வராமல் கையைச் சேர்த்தால் இடது கை மெட்டோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். ஆஃப் பீட் காணாமல் போகும். வலது கையில் சமமாக நான்கு சுரம் வரும் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழாம் பார்களில் இதைக் கவனமாகப் பாருங்கள்.

இந்த எட்டு பாரையே லஷ்ஷூவாகவும் வாசிக்கலாம். உண்மையான சார்தாஷில் மெதுவுக்கு ஒரு மெட்டு, வேகத்துக்கு வேறு மெட்டு இருக்கும். பழகுகிறவருக்கு ஒன்றே போதும். வேகத்தைப் பாதியாக்குங்கள். இடது கையில் பாஸ்-கார்டு பிரிப்பு வேண்டாம், மூன்று சுரத்தையும் சேர்த்து முழுக் கார்டாக ஒவ்வொரு பீட்டிலும் வைத்து நீட்டுங்கள். கிராமக் குழுக்கள் மெதுவான பகுதியில் டூவோ என்ற வேறொரு நடை வைத்திருக்கின்றன. ஒரே வில் இழுப்பில் இரண்டு ஒலி, அழுத்தம் இரண்டாவதில். அது கைவருவதற்கு நாளாகும், இப்போதைக்கு நீட்டிய கார்டு போதும். வலது கையில் முதல் பாரின் ஏ, ஏ, பி, சி சமமாக வேண்டாம்; நிலா, நிலா என்று வரட்டும். ஐந்தாம் பாரையும் அப்படியே. ஒலியை நீட்டும் பெடல் இருந்தால் இங்கே போடலாம், கார்டு மாறும்போது எடுத்துவிட்டு மறுபடி. ஃப்ரிஷ் பகுதியில் பெடலைத் தொடவே கூடாது. அங்கே கார்டுக்கும் அடுத்த பாஸுக்கும் நடுவில் காற்று இருக்க வேண்டும், பெடல் அந்தக் காற்றை அடைத்துவிடும்.

லஷ்ஷூவை இரண்டு தரம் வாசியுங்கள். கடைசி ஏ-யில் கொஞ்சம் நின்று மூச்சு விட்டு, ஃப்ரிஷ்ஷைத் தொடங்குங்கள். தொடங்கும் வேகம் நிதானமாகவே இருக்கட்டும்.

வேகம்

வேகத்தைப் பாருக்குப் பார் ஏற்றாதீர்கள், வளைந்து நெளிந்து போகும். எட்டு பாரும் ஒரே வேகம். அடுத்த சுற்றுக்கு ஒரு படி மேலே. மெட்ரோனோமில் 60, 72, 84, 96 என்று ஒவ்வொரு படியாகப் பழகிவிட்டு, அப்புறம் மெட்ரோனோமை நிறுத்திவிட்டு நீங்களாக ஏற்றுங்கள். ஏற்றுவது இடது கையாக இருக்கட்டும். மெட்டு தாளத்தைப் பிடித்து இழுத்தால் கை பதறும்; தாளம் மெட்டைத் தள்ளினால் கை சிரிக்கும். 120 வந்தால் ஒரு தொடக்கக்காரருக்குத் தாராளம். இடது கார்டு கனக்கத் தொடங்கிவிட்டால் அதுதான் அன்றைய எல்லை, ஒரு படி கீழே இறங்கி வாருங்கள். ரொம்ப வேகமாக வாசிக்கப்பட்ட கனமான சார்தாஷைவிட, 80-இல் லேசாக வாசித்த சார்தாஷுக்கு யாரும் எழுந்து ஆடுவார்கள்.

கடைசிச் சுற்றின் முடிவில் வேகத்தைக் குறைத்து அலங்காரமாக முடிக்கத் தோன்றும். வேண்டாம். போன வேகத்திலேயே இரண்டு ஏ-யையும் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

கீபோர்டில் பழகுகிறவர்களுக்குச் சில வார்த்தை. நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் இருப்பது 61 கட்டை கீபோர்டுதான், இந்த மெட்டுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் ஆட்டோ ஸ்டைலை அணைத்துவிடுங்கள். ஒற்றை விரலில் கார்டைத் தொட்டால் மெஷினே பாஸும் கார்டும் போட்டுக் கொடுக்கும், கேட்க நன்றாகவும் இருக்கும். கற்க வேண்டிய அந்த ஒன்றை மட்டும் அது உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விடும். சில கீபோர்டுகளில் டச் ரெஸ்பான்ஸ் கிடையாது, எப்படி அடித்தாலும் ஒரே சத்தம். அப்போது கனம், லேசு என்ற வித்தியாசத்தை நீளத்தில் காட்டுங்கள்: பாஸை முழுதாகப் பிடியுங்கள், கார்டைப் பாதியிலேயே விட்டுவிடுங்கள். காது அதையே அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். பியானோ வாய்ஸிலேயே வாசியுங்கள். ஸ்ட்ரிங்ஸ் வாய்ஸில் ஒலி மெல்லத் தொடங்குவதால் ஆஃப் பீட் மழுங்கிவிடும்.

கை கொஞ்சம் தேறியதும் சுண்டுவிரல் பாஸை ஓர் ஆக்டேவ் (அதே சுரத்தின் அடுத்த கீழ் ஸ்தாயி) கீழே கொண்டுபோங்கள். சுண்டுவிரல் கீழே ஏ-யில் விழுந்துவிட்டுக் கை மேலே தாவி சி-யையும் ஈ-யையும் எடுக்க வேண்டும். பிராம்ஸின் நடனங்களில் இடது கை செய்வது இந்தத் தாவல்தான். முதலில் கட்டையைப் பார்த்துக்கொண்டே தாவுங்கள், பிறகு பார்க்காமல்.

அடுத்து என்ன வாசிப்பது என்று கேட்டால், நேராக ஐந்தாம் எண்ணுக்குப் போகச் சொல்ல மாட்டேன். பார்டோக் 1908, 1909-இல் குழந்தைகளுக்காக எழுதிய பியானோத் தொகுப்பு ஒன்று இருக்கிறது, பெயரே ‘குழந்தைகளுக்கு’. அதன் முதல் பாதி முழுவதும் ஹங்கேரிய நாட்டுப் பாடல்கள். சின்னக் கைக்கு எட்டவேண்டும் என்று ஆக்டேவ் இல்லாமலே எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றும் அரைப்பக்கம், ஒரு பக்கம்தான். அதில் வேகமான ஒன்று, மெதுவான ஒன்று என்று இரண்டைத் தேர்ந்தெடுத்து, மெதுவானதை முதலில் எடுங்கள். பிராம்ஸின் ஐந்தாம் எண்ணைத்தான் வாசித்தாக வேண்டும் என்றால், வகுப்பில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு அவர் எழுதியபடியே நான்கு கையில், எளிதாக்கிய பதிப்பில் தொடங்குங்கள். முதல் முறை நீங்கள் கீழ்ப்பக்கம் உட்காருங்கள்.